ஹார்ட் டிஸ்க் எஃப்-இலிருந்து ஐ டிரைவுக்குப் போய்விட்டது. நடுவில் இருக்கும் எழுத்துகள் யாருடையவை?

கேள்வி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எதை விட்டால் எது புரியாமல் போகும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா மறைந்த பிறகு அவர் எழுதி வைத்திருந்த 11 நோட்டுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வருகிறேன். பெரும்பாலும் பென்சில் எழுத்து. சில பக்கங்களை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. தையல் விட்டுப்போன நோட்டுகள், ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் ஓரம் உதிர்கிறது. இன்னொரு தடவை ஸ்கேன் செய்யலாம் என்று நினைக்கவே முடியாது. அதனால் பேக்கப் விஷயத்தில் நான் ரொம்பக் கவனமாக இருப்பவள். சி டிரைவில் இருக்கும் நோட்ஸ் ஃபோல்டரை தினமும் இரவு 10 மணிக்கு வெளி ஹார்ட் டிஸ்குக்கு ரோபோகாப்பி (விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளை) எடுத்துப் போகும்படி ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) எழுதி, குறித்த நேரத்தில் அதை ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டிருக்கிறேன். வெளி டிஸ்க் எஃப் டிரைவ். இரண்டு வருடமாக எஃப்தான்.

நேற்று ஒரு பக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க வெளி டிஸ்கைத் திறந்தேன். நான்காம் நோட்டோடு நின்றிருக்கிறது. நானோ ஏழாம் நோட்டை முடித்துவிட்டேன். கடைசி ஃபைலின் தேதி 19 நாள் பழசு. டாஸ்க் ஷெட்யூலரில் போய்ப் பார்த்தால் எப்போதும்போல 'ரன்னிங்' என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

அப்புறம்தான் டிஸ்கின் எழுத்தைக் கவனித்தேன். எஃப் இல்லை. ஐ.

19 நாளைக்கு முன்னால் நடந்தது இதுதான்: புது மானிட்டர் வாங்கி வைத்தேன். அதன் பக்கவாட்டில் யுஎஸ்பி போர்ட்களும் ஒரு கார்டு ரீடரும் உண்டு. மேசையை நகர்த்துவதற்காக எல்லா வயரையும் கழற்றி, மறுபடி செருகினேன். மானிட்டரின் யுஎஸ்பி வயர் முதலில், ஹார்ட் டிஸ்க் கடைசியில்.

எழுத்தை மறுபடி எஃப் ஆக்கிவிடலாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து எழுத்துப் பட்டியலை இறக்கினால், அதில் எஃப் கிடையாது. இ, ஜி, எச் ஆகியவையும் கிடையாது. ஆனால் திஸ் பிசியில் சி, டி, அடுத்தது நேராக ஐ. தேடிப் படித்து, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் எம்ப்டி டிரைவ்ஸ்' டிக்கை எடுத்தேன். நான்கும் வந்து உட்கார்ந்துகொண்டன, நான்குக்கும் 'ரிமூவபிள் டிஸ்க்' என்று பெயர். எதை க்ளிக் செய்தாலும் டிஸ்கைச் செருகு என்கிறது.

ஐ டிரைவுக்குப் பிறகும் மூன்று இருக்கின்றன. ஜே: 499 எம்பி, பெயர் இல்லை, முக்கால்வாசிக்கு மேல் நிரம்பி சிவப்பாக நிற்கிறது, இடம் போதவில்லை என்று அடிக்கடி எச்சரிக்கை வருகிறது. இசட்: சிவப்புப் பெருக்கல் குறி, திறப்பதில்லை. மூன்றாவது எஸ். இதுதான் என்னைக் கலங்கடிக்கிறது. எஸ் திறக்கிறது. உள்ளே அப்பாவின் நோட்டுகள் அத்தனையும் இருக்கின்றன, ஏழாம் நோட்டு உட்பட. நான் அப்படி ஒரு நகல் எடுத்ததே இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்டில் எஸ் என்று எதுவும் இல்லை. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, டிரைவ்களைப் பட்டியலிடும் மவுண்ட்வால் கட்டளையைக் கொடுத்தேன், அந்தப் பட்டியலிலும் இல்லை. சப்ஸ்ட் என்ற கட்டளையையும் கொடுத்தேன், ஒரு வரிகூட வரவில்லை. எங்கேயோ இன்னொரு நகல் இடத்தை அடைக்கிறது போல, உள்ளே இருப்பதை அழித்துவிடலாமா என்று நேற்றிரவு யோசித்தேன். கை வரவில்லை.

விண்டோஸ் 10. உள்ளே ஒரே ஒரு எஸ்எஸ்டி, அதில்தான் சி, டி இரண்டும்.

பதில் 1

எஸ்ஸுக்குள் எதையும் அழிக்காதீர்கள், நகர்த்தாதீர்கள், பெயர்கூட மாற்றாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

இப்போதே சி டிரைவிலிருந்து நோட்ஸ் ஃபோல்டரைக் கையால் காப்பி செய்து ஐ டிரைவில் ஒட்டுங்கள். புதுப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் ஒட்டுங்கள், பழைய நகலின் மேல் வேண்டாம். எழுத்து எதுவாக இருந்தாலும் அது உங்கள் டிஸ்க்தான். 19 நாள் வேலை ஒரே எஸ்எஸ்டியில் இருக்கும்போது டிரைவ் எழுத்தை ஆராய்வது சரியில்லை.

முடிந்ததும் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். எஸ் மேல் ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ். மொத்த அளவு எவ்வளவு, காலி இடம் எவ்வளவு? சி டிரைவிலும் அதையே பாருங்கள். இரண்டும் ஒன்றா?

பதில் 2

எனக்கும் முன்பு இப்படி வேண்டாத எழுத்துகள் சேர்ந்துகொண்டே போயின. ரெஜெடிட் (விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் கருவி) திறந்து எச்கே லோக்கல் மெஷின், சிஸ்டம், அதற்குக் கீழே மவுண்டட்டிவைசஸ் என்ற கீ இருக்கும். அதில் இருக்கும் எல்லா வரிகளையும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். விண்டோஸ் புதிதாக எழுத்து கொடுத்தது, பழைய குப்பை போனது. பத்து நிமிட வேலை.

பதில் 3

மேலே எழுதியவர் உதவத்தான் சொல்கிறார், ஆனால் இந்தக் கணினியில் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். அந்தக் கீதான் விண்டோஸின் ஞாபகம். எந்த எழுத்து எந்தப் பிரிவுக்கு என்ற கணக்கு முழுவதும் அங்கேதான் எழுதியிருக்கிறது. எம்பிஆர் (பழைய முறையில் பிரித்த) டிஸ்கின் பிரிவு என்றால் ஒரு வரிக்கு 12 பைட்: முதல் 4 பைட் அந்த டிஸ்கின் கையொப்பம், அடுத்த 8 பைட் பிரிவு தொடங்கும் இடம். ஜிபிடி (புதிய முறையில் பிரித்த) டிஸ்க் என்றால் டிஎம்ஐஓ என்று தொடங்கி, பின்னால் அந்தப் பிரிவின் 16 பைட் அடையாள எண். கார்டு ரீடர், பென் டிரைவ் என்றால் யுஎஸ்பி சாதனத்தின் நீளமான முகவரி. அத்தனையையும் அழித்தால், டி என்று நம்பி வைத்திருக்கும் ஷார்ட்கட், மென்பொருள், பேட்ச் ஃபைல் எல்லாம் வேறு எழுத்தில் போய் முட்டலாம். விண்டோஸ் இருக்கும் பிரிவின் எழுத்தே மாறிப்போய் லாகின் ஆக முடியாமல் நின்ற எக்ஸ்பி கணினிகளை அந்தக் காலத்தில் பார்த்திருக்கிறேன். 'பத்து நிமிட வேலை' என்று ஆரம்பித்து இரவு முழுக்க உட்கார்ந்த நாட்கள் அவை.

இன்னொன்று. உங்கள் ஏழு எழுத்தும் ஒரே நோய் இல்லை. நான்கு தனித்தனி விஷயம் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டிருக்கிறது. ஒரே மருந்து தேடுவதால்தான் குழப்பம்.

முதலில் அந்த நான்கு. அவை உங்கள் மானிட்டரின் கார்டு ரீடர். ஒவ்வொரு வகை கார்டுக்கும் ஒரு ஸ்லாட், ஒவ்வொரு ஸ்லாட்டும் கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன்னை ஒரு டிரைவ் என்று அறிவிக்கும். விண்டோஸும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்துவிடும். காலியாக இருப்பதை எக்ஸ்ப்ளோரர் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். எழுத்தைத் திருப்பி வாங்காது. டிஸ்க் மேனேஜ்மென்டில் கீழ்ப் பாதியைக் கடைசி வரை உருட்டுங்கள், 'நோ மீடியா' என்று நான்கும் நிற்கும். மேல் பாதிப் பட்டியலை மட்டும் பார்த்தால் தெரியாது.

எஃப் எப்படிப் போனது என்றால், உங்கள் டிஸ்க் கழன்றிருந்த நேரத்தில் ரீடர் உள்ளே வந்தது. டி-க்கு அடுத்துக் காலியாக இருந்த எழுத்துகளை வரிசையாக எடுத்துக்கொண்டது. டிஸ்க் திரும்பி வந்து தன் பழைய எழுத்தைக் கேட்டபோது அங்கே ஆள் இருந்தது. எந்த வயரை முதலில் செருகினேன் என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், விடை அந்த வரியிலேயே இருக்கிறது.

கேமரா கார்டைப் படிக்க எஸ்டி ஸ்லாட் வேண்டும் என்றால் அது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றிலும் ரைட் க்ளிக், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', ரிமூவ். ரீடருக்கு ஒன்றும் ஆகாது, எழுத்து மட்டும்தான் போகும். எது எஸ்டி என்று தெரிய அதில் ஒரு கார்டைச் செருகிப் பாருங்கள், நான்கில் எதற்கு உயிர் வருகிறதோ அதுதான். மானிட்டரின் யுஎஸ்பி வயரை இனி எப்போதும் அதே போர்ட்டில் செருகுங்கள். தனக்கென்று வரிசை எண் இல்லாத சாதனம் போர்ட் மாறினால் புதுசாகக் கணக்காகும், போன எழுத்துகள் திரும்பி வந்துவிடும்.

ஜே உங்கள் எஸ்எஸ்டியில் இருக்கும் ரெக்கவரி பிரிவு. கணினி கிளம்பாமல் போனால் சரிசெய்யும் கருவிகள் அதில்தான் இருக்கின்றன. அதற்கு எழுத்தே இருக்கக் கூடாது. 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பை ஏற்றியபோது பலருக்கு இப்படி எழுத்து முளைத்து, இடமில்லை என்ற எச்சரிக்கை ஓயாமல் வந்தது. பிரிவு மாற்றும் மென்பொருள்களாலும் வரும். அது நிரம்பியிருப்பது இயல்புதான், காலி செய்ய முயலாதீர்கள், ஃபார்மட் பக்கம் போகவே வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மென்டில் அதன் மேல் ரைட் க்ளிக் செய்தால் 'ஹெல்ப்' மட்டும்தான் வரும். அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து டிஸ்க்பார்ட் என்று கொடுங்கள். அடுத்து லிஸ்ட் வால்யூம். ஜே எந்த எண்ணில் இருக்கிறது, அளவு 499 எம்பிதானா என்று இரண்டு தடவை பாருங்கள். பிறகு செலக்ட் வால்யூம், இடம் விட்டு அந்த எண். கடைசியாக ரிமூவ் லெட்டர்=ஜே. இங்கே ஒலிப்பைத்தான் தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். டிஸ்க்பார்ட் நிஜமாகவே அழிக்கக்கூடிய கருவி. நான் சொன்ன நான்கு கட்டளையைத் தவிர வேறெதையும் அதற்குள் பரிசோதித்துப் பார்க்க வேண்டாம்.

இசட் பழைய நெட்வொர்க் டிரைவ். எப்போதோ வேறொரு கணினியின் ஃபோல்டரை இணைத்திருப்பீர்கள், அந்தக் கணினி இப்போது இல்லை. ரைட் க்ளிக், டிஸ்கனெக்ட். போய்விடும்.

எஸ் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. முதல் பதில் எழுதியவர் கேட்ட அளவைச் சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

பழைய குப்பை வரிகளைத் துடைத்தே ஆக வேண்டும் என்றால் மவுண்ட்வால் /ஆர் போதும். இப்போது கணினியில் இல்லாத டிரைவ்களின் வரிகளை மட்டும் அது நீக்கும். அதனால்தான் அதைக் கொடுக்கும் முன் உங்களிடம் இருக்கும் எல்லா டிஸ்கையும் செருகிவிட வேண்டும். அலமாரியில் இருக்கும் டிஸ்க் அதன் கணக்கில் 'இல்லாதது'.

கேட்டவர்

கைநகல் முடிந்தது. முடியும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஏழாம் நோட்டின் கடைசிப் பக்கத்தை ஐ டிரைவிலிருந்தே திறந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

கீழே உருட்டியதும் நான்கு 'நோ மீடியா'வும் இருந்தன. கேமரா கார்டு போட்டால் இ டிரைவில் வருகிறது. எஃப், ஜி, எச் மூன்றையும் ரிமூவ் செய்துவிட்டேன். ஜே போய்விட்டது, டிஸ்க்பார்ட்டில் எண்ணை மூன்று தடவை பார்த்தேன். எச்சரிக்கையும் நின்றுவிட்டது. இசட்டைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது, முன்பிருந்த லேப்டாப்பின் ஃபோல்டர் அது. துண்டித்தாயிற்று.

எஸ், சி இரண்டின் அளவும் ஒன்றேதான். காலி இடம்கூட கடைசி பைட் வரை ஒன்று. மேலே டிரைவின் பெயரும் ஒன்று. இது எப்படி?

பதில் 1

அதைத்தான் எதிர்பார்த்தேன். எஸ் என்று தனியாக ஒரு டிரைவ் இல்லை. சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டருக்கு சப்ஸ்ட் கட்டளையால் யாரோ எழுத்து கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அளவு கேட்டால் சி தன் அளவையே சொல்கிறது. அதற்குள் தெரிவது நகல் இல்லை. நீங்கள் ஸ்கேன் செய்த அதே ஃபைல்கள், வேறு வாசல் வழியாகத் தெரிகின்றன. நேற்றிரவு அழித்திருந்தால் அசலே போயிருக்கும்.

சப்ஸ்ட் கொடுத்தும் ஒன்றும் வரவில்லை என்றீர்களே, அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நீங்கள் அட்மின் விண்டோவில் கொடுத்தீர்கள். விஸ்டாவிலிருந்து, அட்மின் கணக்கில் லாகின் செய்தால் விண்டோஸ் உங்களை இரண்டு ஆளாகப் பிரித்து வைக்கிறது: சாதாரண அனுமதியோடு ஒருவர், அட்மின் அனுமதியோடு இன்னொருவர். உண்மையான டிஸ்கின் எழுத்து இருவருக்கும் தெரியும். சப்ஸ்ட் போட்ட எழுத்தும் நெட்வொர்க் எழுத்தும் யார் போட்டாரோ அவருக்கு மட்டும்தான். எக்ஸ்ப்ளோரர் சாதாரண ஆளாக ஓடுகிறது, அதனால் எஸ் தெரிகிறது. அட்மின் விண்டோவுக்கு எஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அட்மின் இல்லாமல் சாதாரணமாக கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அதே சப்ஸ்ட்டைக் கொடுங்கள். ஒரு வரி வரும். அம்புக்குறிக்கு வலப்பக்கம் இருப்பதுதான் உண்மையான இடம்.

சப்ஸ்ட் கணினியை அணைத்தால் மறைந்துவிடக்கூடியது. தினமும் வருகிறது என்றால் தினமும் யாரோ போடுகிறார்கள். விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அழுத்தி, ஷெல்:ஸ்டார்ட்அப் என்று கொடுத்தால் ஒரு ஃபோல்டர் திறக்கும், அதில் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் டாஸ்க் ஷெட்யூலரில் இருக்கலாம்.

பதில் 4

தலைப்பைப் பார்த்ததும் பழைய ஞாபகம் வந்து எழுதுகிறேன். ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிக்கு என்று ஒதுக்கியவை, அதனால்தான் ஹார்ட் டிஸ்க் சி-யில் ஆரம்பிக்கிறது. ஃப்ளாப்பி டிரைவே இல்லாத பழைய கணினியில் ஏ டிரைவ் நின்றுகொண்டு, எக்ஸ்ப்ளோரர் திறக்கும் ஒவ்வொரு முறையும் சில விநாடி உறைந்துபோனால், விண்டோஸுக்குள் எத்தனை தேடினாலும் கிடைக்காது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருளில்) ஃப்ளாப்பி 'எனேபிள்டு' என்று இருக்கும். இருக்கிறது என்று பயாஸ் சொல்வதை விண்டோஸ் நம்பிவிடுகிறது. அதை அணைத்தால் தீர்ந்தது.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது திடீரென்று ஒரு டிவிடி டிரைவ் முளைத்திருந்தால், ஐஎஸ்ஓ ஃபைல் (ஒரு டிஸ்கின் முழு நகலான ஃபைல்) எதையாவது டபுள் க்ளிக் செய்தீர்களா என்று யோசியுங்கள். விண்டோஸ் 8-இலிருந்து அது தானாக டிரைவாக ஏறிவிடும். ரைட் க்ளிக், இஜெக்ட். கூகுள் டிரைவின் கணினி மென்பொருளும் தனக்கென்று ஓர் எழுத்து வைத்துக்கொள்ளும், வழக்கமாக ஜி. டிஸ்க் மேனேஜ்மென்டில் அதையும் காண முடியாது.

கேட்டவர்

வந்துவிட்டது! சாதாரண விண்டோவில் சப்ஸ்ட் கொடுத்ததும் ஒரே வரி: எஸ்:\: => சி:\நோட்ஸ். அதே கட்டளை, அதே கணினி. அட்மின் விண்டோவையும் பக்கத்தில் திறந்து வைத்து இரண்டிலும் கொடுத்துப் பார்த்தேன். இதில் வரி வருகிறது, அதில் வெறுமை.

ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஸ்கேன் என்ற பெயரில் ஒரு பேட்ச் ஃபைல். உள்ளே ஒரே வரி. ஃபைலின் தேதி நாலு வருடத்துக்கு முந்தையது. அண்ணனுக்கு போன் செய்தேன். அவர்தான் போட்டது. இந்த ஸ்கேனரோடு வந்த பழைய மென்பொருள் படத்தை டிரைவின் உச்சியில் மட்டும்தான் சேமிக்கும், ஃபோல்டர் தேர்ந்தெடுக்க விடாது. அதற்காக எஸ் என்று ஒரு வாசல் வைத்துக் கொடுத்திருக்கிறார். சொல்ல மறந்துவிட்டாராம். நான் இத்தனை நாளும் ஸ்கேனரில் பட்டனை அழுத்துகிறேன், படம் ஃபோல்டரில் வந்து விழுகிறது; நடுவில் எஸ் இருப்பதையே கவனித்ததில்லை.

ஆகவே எஸ் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதை நீக்கினால் எட்டாம் நோட்டை ஸ்கேன் செய்யவே முடியாது.

இப்போது எஃப் காலியாகிவிட்டது. டிஸ்கை மறுபடி எஃப் ஆக்கிவிடட்டுமா? பேட்ச் ஃபைலை மாற்ற வேண்டியிருக்காது.

பதில் 3

ஆக்க வேண்டாம். நாளைக்கு யாராவது ஒரு பென் டிரைவைச் செருகும்போது டிஸ்க் கழன்றிருந்தால் திரும்பவும் இதே கதைதான். விண்டோஸ் புதிதாக வருபவர்களுக்கு முன்னாலிருந்துதான் எழுத்து கொடுக்கும், பின்பக்கம் அதுவாகப் போகாது. டிஸ்குக்கு ஆர் மாதிரி தள்ளி ஓர் எழுத்து கொடுங்கள்.

பேட்ச் ஃபைலில் ரோபோகாப்பி வரியை அப்படியே எழுத முடியுமா? /எம்ஐஆர் போட்டிருக்கிறீர்களா, இலக்கு என்ன?

கேட்டவர்

/எம்ஐஆர் உண்டு. அசலில் நான் அழித்தது நகலிலும் போகட்டும் என்று போட்டேன். இலக்கு எஃப்:\ மட்டும், டிஸ்கின் உச்சி. வேறு ஆப்ஷன் எதுவும் இல்லை.

பதில் 3

நல்லவேளை அந்த ஸ்லாட் காலியாக இருந்தது. /எம்ஐஆர் என்றால், அசலில் இல்லாத எதுவும் இலக்கில் இருக்கக் கூடாது என்று உத்தரவு. அந்த 19 நாளில் ஏதோ ஓர் இரவு 10 மணிக்கு எஃப் ஸ்லாட்டில் ஒரு கார்டு இருந்திருந்தால், அதில் இருந்த படங்களையெல்லாம் அழித்துவிட்டு அப்பாவின் நோட்டுகளை எழுதத் தொடங்கியிருக்கும். கேட்டிருக்காது. பயமுறுத்தச் சொல்லவில்லை, அந்த வரியை இன்றே மாற்ற வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

'ரன்னிங்' ரகசியமும் அந்த வரியில்தான் இருக்கிறது. காலி ஸ்லாட்டில் எழுதப் போன ரோபோகாப்பிக்குப் பிழை 21, சாதனம் தயாராக இல்லை என்று பதில் கிடைத்திருக்கும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது 30 விநாடிக்கு ஒரு முறை, 10 லட்சம் முறை வரை திரும்பத் திரும்ப முயலும். கணக்குப் போட்டால் 347 நாள். டாஸ்க் ஷெட்யூலர் இயல்பாக 3 நாளில் அதை நிறுத்திவிடும், அன்றிரவோ மறுநாளோ புதுசாக ஒன்று கிளம்பும், அதுவும் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் பார்த்த நேரமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது உண்மைதான். ஒரு ஃபைல்கூட நகரவில்லை என்பதும் உண்மைதான்.

மூன்று மாற்றம் செய்யுங்கள். /ஆர்:2 /டபிள்யூ:5 சேர்த்தால் இரண்டு தடவை முயன்றுவிட்டுத் தோல்வி என்று சொல்லும். இலக்கை உச்சியில் வைக்காமல் ஆர்:\நோட்ஸ் என்று ஒரு ஃபோல்டருக்கு மாற்றுங்கள், பழைய நகலை முன்கூட்டியே அதற்குள் நகர்த்திவிடுங்கள். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: டிஸ்கின் உச்சியில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் வையுங்கள், அடையாளத்துக்கு. பேட்ச் ஃபைலின் முதல் வரியில் 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்' போட்டு, அந்த ஃபைல் இல்லை என்றால் அங்கேயே வெளியேறச் சொல்லுங்கள். அப்போது ஆர் என்ற எழுத்தில் வேறு எது வந்து நின்றாலும் ரோபோகாப்பி அதைத் தொடாது. ஃபைலின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், பேட்ச் ஃபைலுக்குள் தமிழ்ப் பெயர் சில சமயம் சிதைந்துவிடும். நோட்ஸ் ஃபோல்டருக்குள் வைத்துவிடாதீர்கள், /எம்ஐஆர் அதையும் அழித்துவிடும்.

நடந்ததை ஒரு ஃபைலில் எழுதி வைக்கும் /லாக் சேர்த்துக்கொண்டால் நல்லது. வாரம் ஒரு தடவை அந்த லாக் ஃபைலின் கடைசிப் பத்து வரியைப் படியுங்கள், 'ரன்னிங்' என்ற சொல்லை நம்ப வேண்டியதில்லை.

கேட்டவர்

எல்லாம் செய்துவிட்டேன். டிஸ்க் இப்போது ஆர். நேற்று இரவு 10 மணிக்குப் பக்கத்திலேயே இருந்தேன். லாக் ஃபைலின் கடைசியில் கட்டம் கட்டமாக வருகிறதே, அதில் 'காப்பிட்' (நகலானவை) கீழே எண், 'ஃபெயில்டு' (தோற்றவை) கீழே 0. அந்தப் பூஜ்யத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலையில் வேண்டுமென்றே சோதித்தேன். டிஸ்கைக் கழற்றிவிட்டு, கணினியை அணைத்துப் போட்டு, அண்ணன் கொடுத்த பென் டிரைவை முதலில் செருகினேன். அதில் அவர் பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன, வேறெங்கும் நகல் இல்லாதவை. பேக்கப்பைக் கையால் ஓடவிட்டேன். அடையாள ஃபைலைக் காணோம் என்று ஒரு விநாடியில் வெளியேறியது. பிறகு டிஸ்கைச் செருகினேன். ஆர் என்றே வந்தது.

பென் டிரைவ் எந்த எழுத்தில் வந்தது தெரியுமா? எஃப்.